இத்தாலிக்கு நான்கு வாரம் தாமதம்

எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வேலையையும் யாரும் 'முடியவில்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தையல்காரரிடம் ஜாக்கெட் ஆயிற்றா என்று கேட்டால் 'முடிஞ்ச மாதிரிதான், கொக்கி மட்டும் வைக்கணும்' என்பார். துணியை இன்னும் வெட்டியிருக்க மாட்டார். ஆட்டோவுக்குப் போன் செய்தால் 'வந்துட்டேன்' என்று பதில் வரும். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தால் இத்தாலிக்காரர்கள் ஒரு வீடியோ கேமை நான்கு வாரம் தாமதமாகப் பெற்றார்கள். அதில் என் பங்கு பெரிது என்பதால் நான் எழுதுவதுதான் முறை.

மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளியைச் சேர்க்காமல் ஐந்து பேர். ஐரோப்பாவில் வெளியாகப்போகும் கேம்களை அந்தந்த நாட்டு மொழியில் முன்கூட்டியே ஆடிப் பார்ப்பது வேலை. மொழிபெயர்ப்பு அங்கேயே நடந்துவிடும். எழுத்து கட்டத்துக்குள் அடங்குகிறதா, ஒரு ஆள் பேச வேண்டியதை வேறு ஆள் பேசுகிறானா, எங்காவது ஆங்கிலம் அப்படியே கிடக்கிறதா என்று பார்ப்பது நாங்கள். ஜெர்மன் என் பொறுப்பு. சென்னையில் ஜெர்மன் படித்து, நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்த மொழியை வைத்துக்கொண்டு தென்காசியில் என்ன செய்வாய் என்று எல்லோரும் கேட்டார்கள். என்ன செய்கிறேன் என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. ஆபீசில் கேம் ஆடுகிறாள் என்று மாமியார் சொல்கிறார். தப்பென்று சொல்ல முடியாது.

இத்தாலியனைப் பார்த்தது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தென்காசியில் இத்தாலியன் தெரிந்தவர் எப்படி என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களைத் தெரியாது. வீட்டுக்கு ஒரு பெண்ணாவது மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீயாகி வெளிநாடு போயிருப்பாள். அக்கா பதினெட்டு வயதில் மடத்தில் சேர்ந்து, இத்தாலியில் ஒரு மலையூரில் மடத்தார் நடத்திய முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். பிறகு மடத்தை விட்டு வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று சொல்லவில்லை. உடன்பிறந்த அண்ணன் வீட்டில் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். தென்காசியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். அந்த மொழி ஒன்றுதான் அவர் அங்கிருந்து கொண்டுவந்தது. அதற்கு இந்த மாவட்டத்தில் வேலை கொடுக்கும் இடம் எங்கள் மாடி ஒன்றுதான்.

அவருடைய இத்தாலியன் கிழவிகளின் இத்தாலியன். இருபது வயதுப் பையன் பேசுகிற வசனத்தைப் பார்த்து 'இப்படி யாரும் பேச மாட்டாங்க' என்று குறிப்பு எழுதி அனுப்புவார். அங்கிருந்து 'இப்போது இப்படித்தான் பேசுகிறார்கள்' என்று பணிவாகப் பதில் வரும். நாங்கள் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார்.

வெளியீட்டு நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வந்து பல மாதம் கழித்துத்தான் ஐரோப்பாவுக்கு ஒரு கேம் போகும். ஐந்தாறு மொழியில் மாற்ற வேண்டும், ஒவ்வொரு மொழியிலும் ஆடிப் பார்க்க வேண்டும். அதற்கே நாள் ஓடிவிடும். எல்லோரும் ஆடி முடித்து, முடிவு என்ன என்று பேசித் தீர்த்த பிறகு அங்கே பெட்டி வந்து இறங்கும். இப்போது அது நடக்காது. எல்லா நாட்டுக்கும், எல்லா மொழிக்கும் ஒரே நாள். ஒரு மொழி பின்தங்கினால் அந்த நாட்டுக்காரர்கள் இணையத்தில் கொதித்துப்போவார்கள். எங்களை எப்போதும் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் சொல்வதன் சாரம். நியாயமான கோபம்தான். பந்தியில் இடம் கிடைக்காதவன் கோபம் எங்களுக்குப் புரியாததா.

நான் சொல்லும் கேம் சின்னது. ஒரு தீவில் கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் வயதாகிப் படுத்துவிட்டாள். வெளியூரிலிருந்து மகள் வருகிறாள். நாம்தான் மகள். விளக்கை ஏற்ற வேண்டும், படகுகளுக்கு வழி காட்ட வேண்டும், அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். கடைசிப் பகுதியில் தாய் இறந்துபோவாள். அந்த இடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருப்பாள். அம்மா நாலு வார்த்தை பேசுவாள். கீழே 'கையைப் பிடி' என்று ஒரு பொத்தான் வரும். அதை மவுஸால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை அம்மாவுக்கு மூச்சு இருக்கும். விட்டால் போய்விடும். எத்தனை நேரம் பிடித்திருப்பது என்பது ஆடுகிறவர் இஷ்டம். ஜெர்மனில் நான் ஐந்து விநாடி பிடித்துவிட்டு விட்டேன். எனக்கு அடுத்த வேலை இருந்தது.

வெளியீடு ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. மூன்று வாரம் முன்னதாக எல்லா மொழியும் முடிந்தது என்று நாங்கள் கையெழுத்துப் போல ஒரு படிவம் அனுப்ப வேண்டும்; அதைப் பார்த்துத்தான் தேதியை வெளியே அறிவிப்பார்கள். படிவத்தில் ஒவ்வொரு மொழிக்கும் நேரே இரண்டு கட்டம். முடிந்தது, முடியவில்லை. நிரப்பி அனுப்புவது நான்; இரண்டாவது கட்டத்தை அதுவரை தொட்டதே இல்லை. ஐரோப்பாவில் இதையெல்லாம் ஒருங்கிணைக்கிற அம்மா ஒருவர் இருந்தார். அங்கே காலை ஒன்பதரைக்கு அவர் நாற்காலியில் உட்காருவார். இங்கே மதியம் ஒரு மணி. நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம். முதல் கவளம் வாய்க்குப் போகும்போது திரையில் 'நிலவரம்?' என்று ஒற்றை வார்த்தை வந்து விழும். ஐந்து வருடமாக அந்த வார்த்தையோடுதான் சாப்பிட்டேன்.

படிவம் அனுப்ப வேண்டிய திங்கட்கிழமை குற்றாலத்தில் சீசன் தொடங்கி நாலு நாள். சாலை முழுக்க வேன். தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிற கூட்டம், ஜன்னல்களில் பறக்கும் ஈரத் துண்டு, ஹாரன் சத்தத்தில் காதில் ஒன்றும் விழவில்லை. வீரகேரளம்புதூரிலிருந்து பஸ்ஸில் வருகிற எனக்கு அன்று மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. எரிச்சலோடு நுழைந்தேன். ஜெர்மனில் நீளமான சொற்கள் கட்டத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அதைச் சரிபார்க்கவே மதியமாகிவிட்டது. ஒரு மணிக்கு வழக்கமான வார்த்தை வந்ததும் வரிசையாக ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பிரெஞ்சு ஆயிற்று, ஸ்பானிஷ் ஆயிற்று, போலிஷ் ஆயிற்று. அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"முடிஞ்ச மாதிரிதான் ஏட்டி. கடைசில கொஞ்சம் கெடக்கு, அது ஒண்ணுமில்ல."

முடிந்தது என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். புளிக்குழம்பு என்பதுகூட நினைவிருக்கிறது.

இரண்டு நாளில் தேதி அறிவிக்கப்பட்டது. ஐரோப்பா முழுக்க ஒரே நாள் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை வேறொரு அறிக்கைக்காக எங்கள் சோதனைப் பட்டியலைத் திறந்தேன். கேமில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அதில் ஒரு இடம் உண்டு. திரையில் அந்த வரி ஒரு தடவை வந்துபோனால் சிவப்பு பச்சையாகும். இத்தாலியனில் கடைசிப் பகுதி முழுக்கச் சிவப்பாக இருந்தது. இருநூற்றுச் சொச்சம் வரி. அக்கா அந்தப் பகுதிக்குள் போகவே இல்லை.

எனக்கு அக்காமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்தது அதிகம் என்று எழுத ஆசைதான். உண்மையில் முழுக்க அவர்மேல்தான் வந்தது. கேட்டேன். நாளைக்குப் பார்த்துவிடுவதாகச் சொன்னார். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாள் மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இப்போதே ஆடுவோம் என்றேன்.

"நீ வேணும்னா பாத்துக்கோ. எனக்கு அது வேண்டாம்," என்றார்.

"வேண்டாம்னு ஒதுக்குததுக்கு இது என்ன சாப்பாடாக்கா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கணினியின் மேல் போடும் துணியை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார். அந்த மலையூர் இல்லத்தில் ஒரு கிழவி இருந்தாளாம். அக்காவுக்கு இத்தாலியன் வந்தது அவளிடம் திட்டு வாங்கித்தானாம். ஏழு வருடம் அவளைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, சூப் ஊட்டியிருக்கிறார். கிழவிக்கு ஒரே ஒரு பயம். சாகும்போது அறையில் யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று. நான் இருப்பேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி நாள் மாலை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது ஜெப மணி அடித்தது. மணி அடித்தால் எல்லோரும் கோயிலுக்குள் இருக்க வேண்டும் என்பது மடத்து விதி. இருக்கவா என்று மூத்த கன்னியாஸ்திரீயிடம் கேட்டிருக்கிறார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது இன்றைக்கு நடக்காது, நீ போய்விட்டு வா என்றிருக்கிறார்.

"பெல் அடிச்சா போகணும். போனேன். இருபத்தஞ்சு நிமிஷம்," என்றார் அக்கா. "வந்து பாத்தா முகத்தை மூடியிருக்கு."

யாரும் தப்புச் செய்யவில்லை என்பதை அவரே இரண்டு தடவை சொன்னார். விதி விதிதான் என்றார். அதன் பிறகு ஜெபத்துக்கு மணி அடிக்கும்போதெல்லாம் கால் நகராமல் போனதாகவும், இரண்டு வருடம் பல்லைக் கடித்து இருந்துவிட்டு வந்துவிட்டதாகவும் சொன்னார். இந்த வேலையும் போய்விட்டால் தனக்குப் போக இடமில்லை என்பதைச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அன்று நான் நினைத்தது வேறு. வரிகளைப் பச்சையாக்குவது பெரிய காரியமில்லை. படிக்கக்கூட வேண்டாம், அழுத்திக்கொண்டே போனால் தானாகப் பச்சையாகும். எனக்கு இத்தாலியன் தெரியாது, ஆனால் விரல் இருக்கிறது. அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்து கடைசிப் பகுதியைத் திறந்தேன். மோசடிதான். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன். என்னையும் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பதை அப்போது நினைக்கவில்லை.

மளமளவென்று போனது. அறை வந்தது, கட்டில் வந்தது, அம்மா பேசினாள். அங்கே நின்றுவிட்டது. 'கையைப் பிடி' வரவில்லை. காத்துப் பார்த்தேன், மறுபடி தொடங்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. அம்மாவின் கடைசிப் பேச்சு இத்தாலியனில் ஒரு வரி கூடுதல். அந்த வரிக்காக எழுத்துக் கட்டம் நீண்டு, பொத்தானைத் திரைக்குக் கீழே தள்ளிவிட்டது. மவுஸ் எட்டாது. பொத்தான் இல்லாமல் கதை நகராது. மற்ற எல்லா மொழியிலும் அந்தத் தாய் செத்துப்போவாள். இத்தாலியனில் மட்டும் சாக முடியாமல் மூச்சை இழுத்துக்கொண்டே கிடப்பாள். மகள் பக்கத்தில் கையைத் தொடக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பாள். அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. கீழே கடையில் ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்தேன்.

இனி மறைக்க வழியில்லை. மறுநாள் காலை முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர், யாரையும் கைவிட மாட்டார், உண்மையைத் தவிர. மோவாயைத் தடவினார்.

"அன்னைக்கு கரண்ட் போச்சுன்னு எழுதிரும்மா. சீசன்ல காத்தடிச்சா கரண்ட் போகத்தானே செய்யுது."

கரண்ட் போனால் முடிந்தது என்று ஏன் குறியிட்டீர்கள் என்று கேட்பார்களே அண்ணாச்சி என்றேன். ஐரோப்பாவில் இருக்கும் அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு நானே எழுதினேன். கடைசிப் பகுதி சோதிக்கப்படவில்லை, அதைச் சரிபார்க்காமல் குறியிட்டது நான், இத்தாலியனில் ஆட்டத்தை முடிக்க முடியாது. மூன்று வாக்கியம். சோதித்தவர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதினேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறி என்னுடையது.

பதில் ஒரு மணிக்குத்தான் வந்தது. கோபம் எங்கேயும் தெரியவில்லை, அதுதான் சுட்டது. திருத்தி, மறுபடி ஒப்புதல் வாங்கி அனுப்ப நேரம் போதாது. மற்ற மொழிகள் சொன்ன நாளில் போகும், இத்தாலியன் நான்கு வாரம் கழித்து வரும் என்று எழுதியிருந்தார். உங்கள் 'முடிந்தது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு விளக்க முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தார். நிஜமாகவே கேட்டிருந்தார். தையல்காரரையும் ஆட்டோக்காரரையும் அவருக்கு எப்படி விளக்குவது. இனிமேல் அங்கே என்ன பொருளோ அதுவே இங்கேயும் என்று எழுதினேன்.

அந்த வியாழக்கிழமை இத்தாலிக்காரர்கள் இணையத்தில் எழுதியதை அக்கா எங்களுக்குப் படித்துச் சொன்னார். மறுபடியும் நாங்கள்தான் கடைசியா. எங்கள் பணம் பணமில்லையா. ஒருவர் மட்டும், என் அம்மாவோடு சேர்ந்து ஆடலாம் என்று அந்த நாளுக்கு லீவு போட்டிருந்தேன், அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றிவைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. முகம் தெரியாத ஒருவர் போட்ட லீவுக்காக நான் வெட்கப்படுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் அக்கா என்னிடம் தனியாக வந்து, தான் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னார். திருத்திய கேம் வரப்போகிறது, அதை யார் பார்ப்பது என்று கேட்டேன். இந்த மாவட்டத்தில் வேறு யாருக்காவது இத்தாலியன் தெரிந்தால் கூட்டிவந்துவிட்டு நின்றுகொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். மறுநாள் எட்டே முக்காலுக்கே வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

திருத்தியது வந்த நாள் நல்ல சாரல். ஐந்தருவியில் கூட்டமில்லை என்று யாரோ போனில் சொல்ல, மற்ற மூவரும் அரைநாள் லீவு சொல்லித் துண்டோடு போய்விட்டார்கள். புளியறையில் ஒரு சாவு; துஷ்டி கேட்க முதலாளி போயிருந்தார். அலுவலகத்தில் நானும் அக்காவும்தான். காலையிலிருந்து அவர் நிறுத்தாமல் ஆடினார். பட்டியலை என் திரையில் திறந்து வைத்திருந்தேன். சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. பன்னிரண்டரை வாக்கில் கடைசி ஒரு வரி மட்டும் சிவப்பாக மிஞ்சியது. தாய் போன பிறகு வருகிற வரி அது.

எட்டிப் பார்த்தேன். பொத்தான் சரியான இடத்தில் வந்திருந்தது. அக்கா அதை அழுத்திப் பிடித்திருந்தார். கட்டிலில் அம்மா, பக்கத்தில் மகள், கையில் கை. எந்தப் பிழையும் இல்லை, எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. விரலை எடுத்தால் வேலை முடிந்தது. அவர் எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு 'நிலவரம்?' வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் இத்தாலியனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னவென்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. சாப்பிட வரவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"நீ சாப்பிடு ஏட்டி. நான் இங்கன இருக்கேன்," என்றார்.

நான் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஒன்றே முக்காலுக்கு இரண்டாவது தடவையாக அதே வார்த்தை வந்தது. சன்னல் வழியாகச் சாரல் மேசையில் விழுந்தது, எழுந்துபோய்ச் சாத்தினேன். அக்காவின் வலது கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. இருபத்தைந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

படிவத்தைத் திறந்து, இத்தாலியனுக்கு நேரே 'முடியவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன்.